பூட்டிக் கிடக்கும் வீடுகளும் பழைய வீடியோ கேம்களும்

இலண்டனில் எம்மவர்களின் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவது எமது தொழில். கடந்த வருட இறுதியில் வாடிக்கையாளர் ஒருவரின் கடைக்குப் பற்றுச்சீட்டுகளை எடுக்கப் போயிருந்தோம். காசு வாங்கும் மேசைக்குப் பக்கத்தில் கைக்கு அடக்கமான கறுப்புப் பெட்டிகள் முப்பதளவில் அடுக்கியிருந்தன. ரீவியில் செருகினால் 10,000 பழைய வீடியோ கேம்கள் ஓடும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. மொத்த வியாபாரி ஒருவர் பெட்டி 18 பவுண்படி கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். 45 பவுணுக்கு விற்கலாம் என்றும் சொல்லிப் போயிருக்கிறார்.

"அண்ணை, உதை வைச்சு விக்கலாமோ? பிறகு ஏதும் பிரச்சினை வருமோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

நாம் படித்தது வணிகமாணி. வீடியோ கேம் எமக்குத் தெரியாத பாடம். ஆனால் வகுத்தல் தெரியும். 45 பவுணை 10,000 ஆல் வகுத்தால் ஒரு கேமுக்கு அரைப் பென்ஸ்கூட வரவில்லை. அரைப் பென்ஸுக்கு நேர்வழியில் வந்த சரக்கு எதையும் இத்தனை வருடத்தில் எந்தக் கணக்கிலும் நாம் கண்டதில்லை. இப்போதைக்கு விற்க வேண்டாம், விசாரித்துச் சொல்கிறோம் என்றோம்.

அந்த நேரம் பின்பக்கத்தில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்த அவரது மகன் வெளியே வந்தார். 1993இல் ஏழு வயதில் இந்த நாட்டுக்கு வந்த பிள்ளை, இன்று இரண்டு பிள்ளைகளின் தகப்பன். "அங்கிள், நான் சின்னனில விளையாடின கேமும் இதுக்குள்ள இருக்கு. நான் இங்கிலிஷ் வாசிக்கப் பழகினது பள்ளிக்கூடத்தில இல்லை, அதிலதான். ஒழுங்காக் காசு குடுத்து வாங்கி என்ர பிள்ளைக்குக் காட்ட ஒரு வழி இல்லையோ?" என்றார்.

தகப்பன் கேட்டது வியாபாரக் கேள்வி. மகன் கேட்டது வேறு. இரண்டுக்கும் விடை தேடிச் சில வாரங்கள் வாசித்தோம். இந்தப் பெட்டிகளை ஒன்லைனில் ஓடர் செய்தால் பாரிஸ், ரொறன்ரோ, சூரிச், ஒஸ்லோ என்று எம்மவர் வாழும் எந்த நகரத்துக்கும் சில நாட்களில் வந்து சேரும். ஆகவே கண்டறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கின்றோம்.

இயந்திரம் குற்றமல்ல, உள்ளே இருப்பதே குற்றம்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். பழைய கேம் இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளுக்கு எமுலேற்றர் என்று பெயர். அந்த மென்பொருளே சட்டவிரோதம் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சோனி நிறுவனம் தனது பிளேஸ்ரேசனைப் போலச் செய்யும் மென்பொருளை எழுதிய கொனெக்ரிக்ஸ் என்ற நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டது. அந்த மென்பொருளை உருவாக்குவதற்காகச் செய்த ஆய்வு நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. நின்ரெண்டோ 2016இல் 30 பழைய கேம்களை அடக்கி விற்ற சின்னஞ்சிறு பெட்டிக்குள்ளும் ஓடியது எமுலேற்றர்தான். எமுலேற்றர்களைத் தனது கடையில் நீண்டகாலம் அனுமதிக்காதிருந்த அப்பிள் நிறுவனமும் 2024 ஏப்ரலில் விதியை மாற்றி, பழைய கேம்களுக்கான எமுலேற்றர்களை ஐபோனில் அனுமதித்தது.

ஆனால் எமுலேற்றர் என்பது வெறும் ரேப் ரெக்கோடர் மாதிரி. அதில் போடும் கசற் யாருடையது என்பதே கேள்வி. கேமின் பிரதிக்குப் பதிப்புரிமை உண்டு, அது இலகுவில் முடிவதுமில்லை. நிறுவனங்கள் வெளியிட்ட இத்தகைய படைப்புகளுக்கு அமெரிக்கச் சட்டம் 95 வருடப் பாதுகாப்புக் கொடுக்கிறது. 1980இல் வந்த பாக்மான் அங்கே 2075ஆம் ஆண்டு முடியும்வரை உரிமையாளருடையதே. எமது பேரப்பிள்ளைகளுக்கும் அப்போது நரை விழுந்திருக்கும்.

எம்மவர் மத்தியில் உலாவும் சில நம்பிக்கைகளையும் இங்கே கூறவேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் அழித்துவிட்டால் இறக்கிப் பார்க்கலாம் என்பார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. கொம்பனி இப்போது விற்பதில்லை, ஆகவே பொதுச்சொத்து என்பார்கள். விற்காமல் வைத்திருப்பதால் உரிமை இல்லாமல் போவதில்லை. என்னிடம் அசல் கசற் இருக்கிறது, பிரதி எடுத்தால் என்ன என்பார்கள். இதற்கு நாட்டுக்கு நாடு விடை மாறும். கனடாவில் 2012 முதல் சொந்தப் பிரதிக்குக் காப்புப்பிரதி எடுக்க இடமுண்டு, ஆனால் டிஜிற்றல் பூட்டை உடைக்கக் கூடாது. பிரித்தானியாவில் சொந்தமாக வாங்கிய பாட்டுச் சீடியை வீட்டுப் பாவனைக்குப் பிரதி எடுக்கலாம் என்று 2014 ஒக்ரோபரில் வந்த அனுமதியையே 2015 யூலையில் உயர்நீதிமன்றம் இரத்துச் செய்துவிட்டது. பாட்டுக்கே நிலைமை அதுவென்றால், அசல் கையில் இருக்கிறது என்பதை மட்டும் நம்பி நடக்க முடியாது.

பூட்டை உடைப்பது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு அண்மைய உதாரணம் யூசு. நின்ரெண்டோ சுவிற்ச் இயந்திரத்தைப் போலச் செய்த எமுலேற்றர் இது. தனது கேம்களின் பாதுகாப்புப் பூட்டை மீற இது வழிசெய்கிறது என்று நின்ரெண்டோ வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் அதை எழுதியவர்கள் 24 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கி, வேலையை நிறுத்திக்கொண்டார்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கு

வீட்டில் ஒரு பெட்டி வைத்து விளையாடும் குடும்பத்தின் கதவைப் பொலிஸ் தட்டும் என்று நாம் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் விற்பவரின் நிலை வேறு.

பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, களவுப் பிரதியை வியாபாரமாக விற்பதும், விற்பனைக்கென்று கடையில் வைப்பதும் குற்றவியல் குற்றம். வியாபாரத்துக்காக இறக்குமதி செய்பவருக்கும் விநியோகிப்பவருக்கும் 10 வருடம்வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். களவுப் பிரதி என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்புவதற்குக் காரணம் இருந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். எமது வாடிக்கையாளரிடம் இதைத்தான் முதலில் சொன்னோம்: கணக்காளரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகு எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது.

2024 செப்ரெம்பரில் இத்தாலியில் நடந்ததும் கவனிக்கத்தக்கது. தூரின் நகரை மையமாகக் கொண்ட விசாரணையில் அந்நாட்டின் நிதிக் காவல்துறை இப்படியான பழைய கேம் இயந்திரங்கள் சுமார் 12,000ஐக் கைப்பற்றியது. சீனாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை அவை. பற்றரிக்கும் மின்சாரத்துக்குமான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரங்கள் அவற்றுக்கு இருக்கவில்லை என்பதும் வெளிவந்தது. எமது கடைகளில் பலவற்றின் வருமானம் மதுபான அனுமதிப்பத்திரத்தில் தங்கியிருக்கிறது. பெட்டி ஒன்றில் 27 பவுண் இலாபத்துக்காக அந்தப் பத்திரத்தை ஆபத்தில் வைப்பது எந்த வகையிலும் கணக்குக்குச் சரிவராது.

உறுதியும் குத்தகையும்

இனி மகன் கேட்ட கேள்வி. ஒழுங்காகக் காசு கொடுத்து விளையாட வழி உண்டா? உண்டு. ஆனால் காசு கொடுக்கும்போது எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஊரில் காணி வாங்கும்போது உறுதி முடித்த காணியா, குத்தகைக் காணியா என்று கேட்காமல் எவரும் காசை எண்ணிக் கொடுப்பதில்லை. இங்கேயும் அதே கேள்விதான்.

குத்தகையை முதலில் பார்ப்போம். நின்ரெண்டோ 2018இல் தொடங்கிய ஒன்லைன் சந்தாவில் 1980களின் கேம்கள் கிடைத்தன. பின்னர் சுப்பர் நின்ரெண்டோ, கேம் போய், நின்ரெண்டோ 64, சேகா மெகா டிரைவ் ஆகியவற்றின் கேம்களும் சேர்ந்தன. இவற்றில் 64, சேகா கேம்கள் அடங்கிய கூடிய சந்தாவுக்கு 2021இல் பிரித்தானியாவில் வருடத்துக்கு 34.99 பவுண் என்று விலை வைத்தார்கள். அந்த விலையிலேயே பத்து வருடம் கட்டினால் 349.90 பவுண். பதினோராம் வருடம் கட்டாமல் விட்டால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சோனியும் 2022 முதல் தனது மேல்நிலைச் சந்தாவில் பழைய பிளேஸ்ரேசன் கேம்களைக் கொடுக்கிறது. இவை கூடாதவை என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைகள் நூறு கேம்களைச் சுவைபார்க்க இதைவிட மலிவான நேர்வழி இல்லை. ஆனால் இது வாடகைச் செலவு, சொத்து அல்ல.

அடுத்தது, உறுதி என்று சொல்லித் தரப்படும் குத்தகை. ஒன்லைன் கடையில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திக் காசு கொடுக்கிறோம். கிடைப்பது பெரும்பாலும் பாவிக்கும் அனுமதி மட்டுமே. நின்ரெண்டோவின் வீ இயந்திரத்துக்கான கடை 2019 ஜனவரி 30இல் மூடப்பட்டது. 3டிஎஸ், வீ யூ கடைகளில் 2023 மார்ச் 27உடன் விற்பனை நின்றது. எக்ஸ்பொக்ஸ் 360 கடை 2024 யூலை 29இல் மூடப்பட்டது. ஒரே சுப்பர் மாரியோவுக்கு வீ காலத்தில் ஒருமுறை, வீ யூ காலத்தில் இன்னொருமுறை, இப்போது சந்தாவாக மறுபடியும் காசு கட்டிய குடும்பங்கள் உண்டு. இந்தக் குழப்பம் காரணமாகவே கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2025 ஜனவரி முதல் டிஜிற்றல் கடைகள் 'வாங்கு' என்று எழுதும்போது அது அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விதித்தது.

ஜப்பானின் ஹம்ஸ்ரர் நிறுவனம் 2014 முதல் பழைய ஆர்கேட் கேம்களை உரிமையாளர்களிடம் அனுமதி பெற்று, வாரம் ஒன்று என்ற கணக்கில் வெளியிட்டு வருகிறது. 1981இல் காசு போட்டு விளையாடிய டொங்கி கொங் அதன் அசல் வடிவில் 2018இல் வீட்டு இயந்திரத்துக்கு வந்தது இவர்கள் மூலம்தான். நல்ல முயற்சி, விலையும் பெரிதல்ல. ஆயினும் இதுவும் டிஜிற்றல் கடையில் வாங்கும் சாமான் என்பதை மறக்கக் கூடாது.

உறுதிக்கு மிகக் கிட்டியவை எவை? முதலாவது, பழைய இயந்திரமும் பழைய கசற்றும். கார்பூட் சந்தையிலோ தெரிந்தவரிடமோ அசலை வாங்கி விளையாடுவதில் எந்தச் சட்டச் சிக்கலும் இல்லை. அற்றாரி நிறுவனம் 2023இல் வெளியிட்ட 2600 பிளஸ் என்ற இயந்திரம் அந்தக் காலத்துக் கசற்றுகளையே இன்றைய ரீவியில் ஓட்டுகிறது. இரண்டாவது, அனுமதி பெற்று அச்சிட்ட புதிய கசற்றுகள். பிரித்தானிய நிறுவனமொன்று 2020இல் கொண்டுவந்த எவர்கேட் இப்படியானது. ஒரு கசற்றில் பல பழைய கேம்கள் இருக்கும், இணையம் தேவையில்லை, விரும்பினால் இன்னொருவருக்கு விற்கவும் முடியும். அற்றாரியின் ஐம்பது வருடத்தை ஒட்டி 2022இல் வந்த தொகுப்பு டிஸ்க்காகவும் கிடைக்கிறது. மூன்றாவது, கணினியில் விளையாடுபவர்களுக்குப் போலந்தின் ஜிஓஜி. 2008இல் தொடங்கிய இந்தக் கடை பூட்டு இல்லாத கோப்பைத் தருகிறது. எழுத்தில் அதுவும் அனுமதிதான். ஆனால் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இருக்கும்வரை, கடை மூடினாலும் கேம் ஓடும்.

டிஸ்க் அல்லது கசற் கையில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையும் இப்போது தளர்கிறது. 2025 யூனில் வந்த சுவிற்ச் 2 இயந்திரத்துக்கு விற்கப்படும் சில அட்டைகளில் கேம் இல்லை, திறப்பு மட்டும் இருக்கிறது. கேமை இணையத்தில் இறக்க வேண்டும். இதற்கு முன்பே, 2024 மார்ச்சில், யூபிசொவ்ற் நிறுவனம் 'த குரூ' என்ற கார்ப் பந்தயக் கேமின் சேர்வரை நிறுத்தியபோது, டிஸ்க் வைத்திருந்தவர்களும் விளையாட முடியாமல் போனார்கள். அதிலிருந்து பிறந்த பிரசாரம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான மக்கள் மனுவாக மாறி, 2025 யூலையில் 10 இலட்சம் கையொப்பங்களைத் தாண்டியது. இந்தச் சிறிய விடயத்துக்கு இவ்வளவு பேரா என்று வியந்தவர்கள் உண்டு. காசு கொடுத்தும் வெறுங்கையோடு நின்றவர்களுக்கு அது சிறிய விடயமல்ல.

நூற்றுக்கு எண்பத்தேழு

இதுவரை சொன்னவை, விற்பனையில் இருக்கும் கேம்களுக்கு. மற்றவை?

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை, மென்பொருள் பாதுகாப்பு வலையமைப்போடு சேர்ந்து 2023 யூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 வீதமானவை இன்று எந்த வடிவிலும் விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. அதாவது நாம் மேலே வகுத்த உறுதியும் குத்தகையும் எல்லாம் மீதி 13 வீதத்துக்கு மட்டுமே. மற்றவற்றுக்கு மூன்று வழிகள்தான் மிஞ்சுகின்றன. ஒன்று, விலை ஏறிக்கொண்டே போகும் பழைய கசற்றைத் தேடிப் பிடிப்பது. இரண்டு, பாதுகாத்து வைத்திருக்கும் நிலையத்துக்கு நேரில் போவது. மூன்று, களவு.

ஏன் விற்பதில்லை? எல்லாம் பேராசையால் அல்ல. கொம்பனி முறிந்திருக்கும், உரிமை யாரிடம் போனது என்று தெரியாதிருக்கும். கேமுக்குள் ஒரு பாட்டு, ஒரு திரைப்படப் பாத்திரம், ஒரு விளையாட்டு வீரரின் பெயர் இருக்கும், அவற்றின் ஒப்பந்தம் முடிந்திருக்கும். இங்கிலாந்தின் ரெயார் நிறுவனம் 1997இல் நின்ரெண்டோ 64க்குச் செய்த 'கோல்டன் ஐ' ஜேம்ஸ் பொண்ட் கேமைப் பாருங்கள். பொண்டின் உரிமை ஒருபக்கம், நின்ரெண்டோ இன்னொருபக்கம், ரெயாரை 2002இல் வாங்கிய மைக்ரோசொவ்ற் வேறொருபக்கம். எல்லாரும் பணக்காரர், எல்லாரும் உயிரோடு இருப்பவர். இருந்தும் அந்தக் கேம் இன்றைய இயந்திரங்களுக்கு வர 2023 ஜனவரி ஆயிற்று. 2000இல் வெளியான 'நோ வன் லிவ்ஸ் போரெவர்' என்ற கேமைத் திரும்ப வெளியிட ஒரு நிறுவனம் முன்வந்தபோது, உரிமை வைத்திருக்கக் கூடிய பெரிய கொம்பனிகளிடமிருந்து இணக்கம் பெற முடியவில்லை. பங்காளிகள் கூடிக் கையொப்பம் வைக்காததால் விற்கவும் முடியாமல், திருத்தவும் முடியாமல் நிற்கும் முதுசக் காணிகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்!

நாமும் அந்த உரிமையாளர்தான்

இந்த இடத்தில் எமக்கு எமது வீடே நினைவுக்கு வந்தது.

வலிகாமத்தில் எமது பெற்றோர் கட்டிய வீடு 1995இல் பூட்டப்பட்டது. போர் முடிந்த பிறகும் அது பூட்டித்தான் கிடந்தது. நாம் விற்கவில்லை, வாடகைக்குக் கொடுக்கவுமில்லை. அயலில் இருந்த ஒரு குடும்பம், இருந்து கூட்டித் துப்பரவாக்கி வைத்திருக்கிறோம் என்று கேட்டது. மறுத்துவிட்டோம். காரணம் பயம். இலங்கையில் பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் ஆட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்ற சட்டம் எமக்குத் தெரியும். போரால் காணிக்குப் போக முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது என்று 2016இல் நாடாளுமன்றம் சிறப்புச் சட்டம் நிறைவேற்றியதும் பின்னர் தெரிய வந்தது. தெரிந்தும் பயம் போகவில்லை. 2017இல் போய்ப் பார்த்தபோது முன் விறாந்தைக் கூரை இறங்கியிருந்தது. மரம் முழுவதும் கறையான். உறுதி எம்மிடம் பத்திரமாக இருந்தது. வீடுதான் இல்லை.

ஆகவே பழைய கேமைப் பூட்டி வைத்திருக்கும் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் நாம் சற்று நிதானிக்கிறோம். ஒருவரை உள்ளே விட்டால் பிறகு எல்லாரும் வந்துவிடுவார்கள் என்ற அவர்களது பயம் எமக்குப் புரிகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. காணியில் ஆட்சி உரிமை என்று ஒன்று இருந்தது, ஆகவே எமது பயத்துக்குக் காரணமும் இருந்தது. பதிப்புரிமை அப்படிப்பட்டதல்ல. ஒரு நூலகத்தில் நாலு பேர் பார்த்தார்கள் என்பதற்காக அது நூலகத்துக்குக் கைமாறிவிடாது. உரிமையாளர் உரிமையாளராகவே இருப்பார், கூரை மட்டும் விழாமல் இருக்கும்.

அமெரிக்காவில் நூலகங்களும் அறக்கட்டளையும் கேட்டதும் அதைத்தான். விற்பனையில் இல்லாத பழைய கேம்களை, ஆராய்ச்சி செய்பவர்கள் தூரத்திலிருந்து இணையம் மூலம் பார்க்க நூலகங்கள் வழிசெய்யலாம் என்ற விதிவிலக்கு. கேம் நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. ஆராய்ச்சி என்று சொல்லிப் பொழுதுபோக்குக்கு விளையாடுவார்கள் என்பது எதிர்ப்பின் சாரம். 2024 ஒக்ரோபரில் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. நூலகம் பிரதியைப் பாதுகாக்கலாம், பார்க்க விரும்புபவர் நேரில் வர வேண்டும் என்ற பழைய நிலையே தொடர்கிறது. பழைய புத்தகத்தையும் பழைய படத்தையும் தூரத்திலிருந்து பார்க்க ஆராய்ச்சியாளருக்கு வழி இருக்கும்போது, கேமுக்கு மட்டும் கதவு சாத்தப்படுகிறது.

எமது கருத்து இதுதான். களவை நாம் நியாயப்படுத்தவில்லை. அரைப் பென்ஸ் பெட்டி, அந்தக் கேமை இரவு பகலாக எழுதிய எவருக்கும் ஒரு சதமும் கொடுப்பதில்லை. ஆனால் விற்கவும் மாட்டேன், பராமரிக்க ஆளை விடவும் மாட்டேன் என்று உரிமையாளர் நிற்கும்போது, காசோடு வாசலில் நிற்கும் நேர்மையான மனிதருக்குச் சட்டம் ஒரு வழியும் காட்டாமல் இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் மொத்த வியாபாரி பெட்டிகளை இறக்குகிறார். களவைக் குறைக்க வழக்கு மட்டும் போதாது. விற்காத உரிமையாளர் நூலகம் போன்ற ஒரு காவற்காரரை உள்ளே விட வேண்டும் என்ற ஏற்பாடு வேண்டும். ஐரோப்பிய மனுவில் கையொப்பமிட்டவர்கள் கேட்பதும், அமெரிக்க நூலகங்கள் கேட்பதும் வெவ்வேறு வடிவில் இதற்குக் கிட்டிய ஒன்றையே.

இது எமக்கு ஏன்?

புலம்பெயர் தமிழருக்கு ஆயிரம் பிரச்சினை இருக்க, பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நாமும் முன்பு அப்படிக் கேட்டவர்கள்தான்.

1990களில் இந்த நாடுகளுக்கு வந்த எம்மில் பலர் இரண்டு வேலை செய்தோம். பள்ளி முடிந்து வந்த பிள்ளையோடு வீட்டில் இருக்க ஆள் இல்லை. கார்பூட் சந்தையில் வாங்கிய பழைய கேம் பெட்டியைக் கொடுத்து, கதவைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனோம். பிறகு, படிக்காமல் அதிலேயே கிடக்கிறாய் என்று ஏசினோம். அந்தப் பிள்ளைகள் அந்த அறையில் என்ன செய்தார்கள் என்று கேட்கவே இல்லை. கடைக்காரரின் மகன் சொன்ன பிறகுதான் எமக்கே விளங்கியது. திரையில் வரும் எழுத்தை வாசித்தால்தான் அடுத்த இடத்துக்குப் போகலாம், ஆகவே அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தாராம். எமக்கு ஊரில் கிணற்றடியும் ஒழுங்கையும் இருந்தன. அவர்களுக்கு அந்தத் திரை இருந்தது. அதைத் தம் பிள்ளைகளுக்குக் காட்ட அவர்கள் விரும்புவதில் வியப்பில்லை.

ஆகவே நடைமுறைக்குச் சில வார்த்தைகள். கடைக்காரர்கள் இப்படியான பெட்டிகளைக் கையாலும் தொட வேண்டாம். உரிமையாளரின் பெயரும் அனுமதியும் பெட்டியில் தெளிவாக இல்லாத, ஆயிரக்கணக்கில் கேம் என்று சொல்லும் எதையும் நம்ப வேண்டாம். வீட்டுக்கு வாங்குபவர்கள், முதலில் கூரையறையில் இருக்கும் பழைய பெட்டியைத் தேடுங்கள். ஏற்கனவே வாங்கிய உறுதி அதுதான். பிள்ளைகள் பலவற்றைப் பார்க்க விரும்பினால் ஒரு வருடச் சந்தா எடுங்கள், அது வாடகை என்று அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒரு குறிப்பிட்ட கேமை என்றைக்கும் வைத்திருக்க விரும்பினால் கசற்றாக, டிஸ்க்காக, அல்லது பூட்டில்லாத கோப்பாக வாங்குங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் ஷெபீல்ட் நகரின் தேசிய வீடியோ கேம் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளோடு போய் வரலாம். அங்கே பழைய இயந்திரங்களைத் தொட்டு விளையாடவே வைத்திருக்கிறார்கள்.

எமது வாடிக்கையாளர் பெட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மொத்த வியாபாரி முதலில் முறுகினாலும் பிறகு எடுத்துக்கொண்டார். கணக்கில் அதைத் திரும்பிய கொள்வனவு என்று பதிந்தோம்.

மகன் கூரையறையில் ஏறித் தமது சுப்பர் நின்ரெண்டோவைக் கண்டுபிடித்தார். அவர் வாசிக்கப் பழகிய செல்டா கசற்றும் அதனோடு இருந்தது. போட்டதும் ஓடியது. ஆனால் விளையாடி நிறுத்திய இடத்தை நினைவில் வைத்திருக்க அந்தக் கசற்றுக்குள் ஒரு சிறிய பற்றரி இருக்குமாம், அது செத்துவிட்டது. முப்பது வருடத்துக்கு முன் அவர் சேர்த்து வைத்தது எல்லாம் போய்விட்டது. புதுப் பற்றரி ஒன்று வாங்கி ஒட்டினார். தொடங்கும்போது விளையாடுபவரின் பெயரைக் கேட்கும். தமது மகளின் பெயரை அடித்தார்.

கடை பூட்டிவிட்டு வந்த தகப்பன் சப்பாத்தைக் கழற்றாமல் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். வாங்கிக் கொடுத்து முப்பது வருடத்தின் பின் முதன்முறையாக, "இதில என்ன செய்ய வேணும்?" என்று கேட்டாராம்.